மடிக்கம்பி: சுகமா, பாதுகாப்பா?

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு மாணவியர் வந்து நின்றபோது, வழக்கம்போல் அறிவியல் அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் சென்ற ஆண்டுக் கல்விச் சுற்றுலாவில் நடந்த ஒன்று இன்றளவும் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதில் என் பிழையும் கலந்திருக்கிறது. ஆகவே அதையே எழுதத் துணிந்தேன். பெற்றோர் இதைப் படித்துவிட்டு அடுத்த ஆண்டு பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அனுப்ப மறுத்துவிட வேண்டாம் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

விடியற்காலையில் புதுச்சத்திரத்திலிருந்து இரண்டு பேருந்துகளில் புறப்பட்டோம். அணைக்கட்டு, அருங்காட்சியகம் எல்லாம் பார்த்து முடித்துவிட்டுப் பிற்பகலில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் நுழைந்தோம். அங்கே ரோலர் கோஸ்டர் இருந்தது. பார்த்திராத பெற்றோருக்காகச் சொல்கிறேன்: மேடும் பள்ளமுமாய், சுருளும் வளைவுமாய் அமைத்த இருப்புப் பாதையில் சிறு வண்டித் தொடர் ஒன்று விரைந்து ஓடும். ஐப்பசியில் இராசிபுரம் மாரியம்மன் திருவிழாவுக்கு வரும் ராட்டினங்களுக்கு இது பெரிய அண்ணன் எனலாம்.

ஒரு வரிசைக்கு இருவர் அமர வேண்டும். அந்த இருவருக்கும் சேர்த்து மடியின் மேல் ஒரே ஒரு கம்பி. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குத் துணை இல்லாததால் நான் அவள் பக்கத்தில் ஏறி அமர்ந்தேன். அவள் முருங்கைக்காய் போல இருப்பாள். என் எடையை இம்மலரில் அச்சிட வேண்டிய அவசியம் இல்லை. வகுப்பில் மேசைக்கும் கரும்பலகைக்கும் இடையே நான் நடந்தால் மேசைதான் நகரும் என்பதை மாணவியர் நன்கு அறிவர்.

பணியாளர் வந்து கம்பியை அழுத்தினார். 'கடக், கடக்' என்று இரண்டு ஒலி கேட்டது. கம்பி என் வயிற்றில் வந்து முட்டி நின்றுவிட்டது. எனக்கு மூச்சு முட்டியது. பக்கத்தில் பார்த்தால் அந்தப் பெண்ணின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி! "உனக்குச் சரியாக இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். "எனக்கு இடிக்கவே இல்லீங்க டீச்சர், சுகமா இருக்குதுங்க" என்றாள்.

இரண்டாவது மேட்டின் உச்சியைக் கடந்தபோது அவள் இருக்கையை விட்டு எழும்பிவிட்டாள். எழுந்தாள் என்று சொல்லவில்லை; எழும்பினாள். தொடை கம்பியில் மோதி, உடல் பக்கவாட்டில் சரிந்தது. நான் அவளுடைய கையை இறுகப் பற்றிக்கொண்டேன். மீதிப் பயணம் எப்படி முடிந்தது என்று எனக்கு நினைவில்லை. இறங்கிப் பணியாளரிடம் சொன்னதற்கு, "ஒண்ணும் ஆகாதுங்க மேடம், தினமும் ஓடறதுதான்" என்றார். அந்தப் பெண்ணோ, தொடையில் கன்றிப்போன இடத்தைத் தேய்த்துக்கொண்டே, "அம்மாகிட்டச் சொல்லாதீங்க டீச்சர், அப்புறம் டூருக்கே விடமாட்டாங்க" என்றாள். நான் அவள் தாயாரிடம் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

அந்தக் கம்பி அவளுக்குச் 'சுகமாக' இருந்ததுதான் ஆபத்து. எனக்குச் சங்கடமாக இருந்ததும் என் பாதுகாப்புக்கு உதவவில்லை. வயிற்றை அழுத்தும் கம்பி உடலைச் சரியாகப் பிடித்திருப்பதாக ஆகாது. ஊருக்குத் திரும்பியதும் நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை செய்யும் என் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் படித்தது பத்தாம் வகுப்புதான். "அக்கா, முட்டை லோடு ஏத்தறதைப் பாத்திருக்கீங்கல்ல? கயிறு தொளதொளன்னு இருந்தா வேகத்தடையில உடையும். நெருக்கிக் கட்டினா கட்டும்போதே உடையும். ஆனா சிறிசு பெரிசா அடுக்கின ரெண்டு அடுக்குக்கும் சேத்து ஒரே கயித்தைப் போட்டா, பெரிசுதான் கயித்தைத் தாங்கும், சிறிசு ஆடிக்கிட்டேதான் வரும்" என்றான். நான் ஒரு பாடவேளை முழுதும் சொல்லியிருக்கக்கூடியதை அவன் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டான்.

இருந்தாலும் ஆசிரியை அல்லவா, கணக்கைப் போட்டுக் காட்டாமல் விட மனம் வரவில்லை. பதினோராம் வகுப்பில் வட்ட இயக்கம் படித்திருக்கிறீர்கள். ஒரு மேட்டின் உச்சி 15 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி அதை விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டரில் கடக்கிறது. புதுச்சத்திரம் நெடுஞ்சாலையில் லாரிகள் இதைவிட வேகமாகத்தான் போகின்றன. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 15 வரும். அந்த வளைவில் வண்டியோடு சேர்ந்து உடலும் வளைந்து செல்ல வேண்டுமானால், அதற்குக் கீழ்நோக்கி அவ்வளவு முடுக்கம் தேவை. புவியீர்ப்பு தருவதோ 9.8 மட்டுமே. குறைகின்ற 5.2-ஐ யார் தருவது? இருக்கை தர முடியாது. அது கீழே இருக்கிறது, இழுக்காது. மேலிருந்து அழுத்தும் மடிக்கம்பிதான் தர வேண்டும். 40 கிலோ எடையுள்ள மாணவி ஒருத்தியைப் பிடித்து வைக்க அந்தக் கம்பி ஏறத்தாழ 21 கிலோ சுமைக்கு இணையான விசையுடன் அவளை அழுத்துகிறது. நிறைகுடம் ஒன்றைவிடக் கூடுதல்.

இப்போது மடிக்கும் கம்பிக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்கு அந்தப் பெண்ணை எதுவுமே பிடித்திருக்கவில்லை. பிறகு அவள் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கம்பியில் போய் மோதுகிறாள். தொடை கன்றியது இதனால்தான். ஆகவே, 'இடிக்காமல் இருக்கட்டும்' என்று விட்ட இடைவெளிதான் இடிக்கிறது. ஒட்டிப் படிந்திருக்கும் கம்பி அழுத்தும், மோதாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தலைகீழாகச் சுற்றும் வளையத்தைக் கண்டுதான் எல்லோரும் நடுங்குகிறார்கள். போதிய வேகத்தில் சுற்றும்போது அங்கே உடல் இருக்கையோடு அழுந்தியே இருக்கும். வாளித் தண்ணீரைச் சுழற்றினால் சிந்தாதது போல. வண்டி பாதியில் நின்றுவிட்டால்தான் அங்கே கம்பிக்கு வேலை. சாதுவாகத் தெரியும் சிறு மேடுகளில்தான் கம்பி மெய்யாகவே உழைக்கிறது. 'வளையம் இல்லை, பயமில்லை' என்று சிறுபிள்ளைகளை ஏற்றிவிடும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

கம்பி எங்கே படிய வேண்டும்? வயிற்றில் அன்று. இடுப்பெலும்பை ஒட்டித் தொடையின் மேற்பகுதியில். 1959-இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் மோட்டார் காருக்கு அமைத்துத் தந்த மூன்று முனை இருக்கைப் பட்டையும் இதே விதியைத்தான் பின்பற்றுகிறது: மார்பையும் இடுப்பையும் பிடி, வயிற்றை விட்டுவிடு. எலும்பு தாங்கும், குடல் தாங்காது.

இந்த மடிக்கம்பிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1884-இல் அமெரிக்காவின் கோனி தீவில் லமார்கஸ் தாம்சன் அமைத்த சறுக்கு வண்டி மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர்ந்தது. கட்டணம் ஐந்து சென்ட். பூங்கா பெஞ்சில் அமர்வது போல அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே போனார்களாம். கம்பிக்கு அங்கே என்ன வேலை? வேகம் கூடக் கூடத்தான் பிடிமானம் தேவைப்பட்டது. 1907-இல் அதே கோனி தீவில் ஒரு வண்டியில்தான் முதன்முதலாக மடிக்கம்பி பொருத்தினர் என்பர்.

எனக்கு மிகவும் பிடித்த கதை கலிபோர்னியாவில் நடந்தது. 1976-இல் மேஜிக் மவுண்டன் பூங்காவில் 'ரெவல்யூஷன்' என்ற வண்டியைத் தொடங்கினார்கள். முழு வட்ட வளையத்தைச் சுற்றினால் கழுத்து ஒடியும் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆகவே வளையத்தை நீர்த்துளி வடிவில் அமைத்தனர். அதில் வந்தவர்கள் மடிக்கம்பி ஒன்றோடுதான் தலைகீழாகச் சுற்றினார்கள். பின்னாளில், கூடுதல் பாதுகாப்பு நல்லதுதானே என்று, தோளுக்கு மேலிருந்து இறங்கும் தடித்த கவசங்களைப் பொருத்தினார்கள். என்ன ஆயிற்று? அந்த வண்டிக்கென்று அளந்து செய்யாத கவசம் என்பதால் ஒவ்வொரு வளைவிலும் பயணிகளின் காதும் தலையும் அதில் இடிபட்டன. தலைவலியோடு இறங்கியவர்களின் முறையீடு ஓயவில்லை. 2016-இல் தோள் கவசங்களைக் கழற்றிவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனி மடிக்கம்பி பொருத்தினார்கள். பாதுகாப்பு வேண்டுமானால் சுகத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது ஒரு பாடம். உடலுக்குப் பொருந்தாத கவசம் இரண்டையும் கெடுக்கும். பொருந்திய கம்பி இரண்டையும் தரும்.

பொருந்தாதபோது நேர்ந்தவை மகிழ்வூட்டும் செய்திகள் அல்ல. 2011-இல் நியூயார்க் மாநிலத்துப் பூங்கா ஒன்றில், போரில் இரு கால்களையும் இழந்த இராணுவ வீரர் ஒருவரை வண்டியில் ஏற்றினார்கள். மடிக்கம்பி தொடையைப் பிடிப்பதற்காக அமைந்தது. அவருக்குப் பிடிக்கத் தொடை இல்லை. தூக்கி எறியப்பட்டு இறந்தார். 2013-இல் டெக்சாஸில் 'டெக்சாஸ் ஜயண்ட்' என்ற வண்டியிலிருந்து ஒரு பெண்மணி விழுந்து இறந்தார். 2022 மார்ச்சில் புளோரிடாவில் ஆர்லாண்டோ நகரில் உயரத்திலிருந்து விழும் ராட்டினம் ஒன்றில் 14 வயது மாணவன் இறந்தான். அவன் பருமனான பிள்ளை. கவசம் முழுதும் இறங்காவிட்டால் ராட்டினம் கிளம்பாதபடி உணர்கருவி இருந்தது. ஆனால் பருமனானவர்களும் அமரட்டும் என்று அவன் இருந்த இருக்கையின் உணர்கருவியை மாற்றி வைத்திருந்தார்கள் என்பது விசாரணையில் தெரியவந்தது. இறங்காத கவசத்தை இறங்கியதாக அது ஏற்றுக்கொண்டது. 'இடம் கொடுப்போம்' என்ற நல்லெண்ணம்கூட அதில் இருந்திருக்கலாம். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது.

நம் நாட்டில் நடக்கவில்லையா? 2012-இல் சென்னையை அடுத்த பூந்தமல்லி அருகே ஒரு பூங்காவில் ஆக்டோபஸ் ராட்டினத்திலிருந்து விழுந்து விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். 2025 ஏப்ரலில் தில்லியில் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து 24 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். கம்பி சரியாக இருந்தும் பயனில்லாமல் போவதும் உண்டு: 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊஞ்சல் ராட்டினத்தின் தண்டே முறிந்து, இருக்கைகளோடு அனைவரும் கீழே விழுந்தனர். இருவர் மாண்டனர். மாறாக, 2025 மே மாதம் சென்னைக் கடற்கரைப் பூங்கா ஒன்றில் 36 பேருடன் ராட்டினம் உயரத்தில் நின்றுபோனது. தீயணைப்புத் துறையினர் ஏணி கொண்டுவந்து இறக்கும்வரை அவர்களை இருக்கையோடு பிடித்து வைத்திருந்தது அந்தக் கம்பிதான். கம்பியைப் பழிக்கவே நான் எழுதுகிறேன் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது.

இத்தகைய ராட்டினங்களுக்குப் பன்னாட்டுத் தர நிறுவனம் 2015-இல் 17842 என்ற எண்ணில் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. அமெரிக்கத் தரவிதிகளும் உள்ளன. உடல் எவ்வளவு தூக்கி எறியப்படும் என்று கணக்கிட்டு, பிடிமானங்களை ஐந்து வகையாக அவை பிரிக்கின்றன. முதல் வகைக்குக் கம்பியே வேண்டாம். ஐந்தாம் வகைக்கு ஆளுக்கொரு கம்பி. பூட்டு ஒன்று தவறினாலும் இன்னொன்று பிடிக்க வேண்டும். பயணியால் திறக்க முடியாதிருக்க வேண்டும். பூட்டியிருக்கிறதா என்பது இயக்குபவருக்கு வெளியிலிருந்தே தெரிய வேண்டும். பூட்டின் அமைப்பு விந்தையானது ஒன்றும் அல்ல. பேருந்து ஓட்டுநர் கை பிரேக்கை இழுக்கும்போது 'கடகட' என்று கேட்கிறதே, அதே பற்சக்கரமும் கொக்கியும்தான். பற்சக்கரத்தில் ஒரு குறை: கம்பி பல் பல்லாகத்தான் இறங்கும். இரண்டு பற்களுக்கு நடுவே உங்கள் தொடை இருந்தால் சற்றுத் தளர்வாகத்தான் நிற்கும். புதிய வண்டிகளில் எண்ணெய் உருளை வைக்கிறார்கள். அது எந்த இடத்திலும் நிற்கும், ஆகவே எவருக்கும் பொருந்தும்.

விதிகள் இருக்கட்டும். நம் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்களில் பலர் கம்பி இறங்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்கிறீர்கள். வண்டி கிளம்பியதும் மூச்சை விட்டுவிட்டு, 'நல்ல இடம் கிடைத்தது' என்று மகிழ்கிறீர்கள். திரும்பி வரும்போது பேருந்தில் நீங்கள் இதைப் பேசிச் சிரித்ததைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். வேறு சிலர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டே அமர்ந்திருந்தீர்கள். கம்பி பையைப் பிடித்தது, உங்களைப் பிடிக்கவில்லை. துப்பட்டாவை மடித்து மடியில் வைப்பதும் அப்படியே. சடையையும் துப்பட்டாவையும் காற்றில் விடுவது அதைவிடக் கேடு; 2018-இல் பிஞ்ஜோர் தோட்டத்தில் சிறுகார் ஓட்டிய பெண் ஒருவரின் கூந்தல் சக்கரத்தில் சிக்கி அவர் உயிரிழந்ததை மறந்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை வெட்கம். கம்பி பூட்டவில்லை என்றால் பருமனான பெண்ணை எல்லோர் முன்னும் இறங்கச் சொல்வார்கள். வரிசை முழுதும் சிரிக்கும். அதற்கு அஞ்சி, 'எனக்குப் பூட்டிவிட்டது' என்று சொல்லிவிடுவாள். மெலிந்தவளுக்கோ, 'கம்பிக்கே எட்டவில்லை, ஒட்டடைக் குச்சி' என்ற கேலி. அவளும் வாய் திறக்கமாட்டாள். எனக்கும் அன்று அந்த வெட்கம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'என்னால்தான் கம்பி இறங்கவில்லை, என்னை வேறு வரிசைக்கு மாற்றுங்கள்' என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பெண் எழும்பியிருக்க மாட்டாள். இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அங்கே இயற்பியல் மறக்கவில்லை. வாய்தான் எழவில்லை.

டெக்சாஸ் பூங்காவில் அந்த வண்டியை மீண்டும் திறந்தபோது இருக்கைப் பட்டைகளைக் கூடுதலாகப் பொருத்தியதோடு, நுழைவாயிலிலேயே ஒரு மாதிரி இருக்கையையும் வைத்தார்கள். வரிசையில் நிற்பதற்கு முன்பே அதில் அமர்ந்து, கம்பி பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பொருந்தாவிட்டால் ஓசையின்றி நடந்துவிடலாம். நம் ஊர்ப் பூங்காக்கள் ஒவ்வொன்றும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பழைய இருக்கை ஒன்று, ஒரு பலகை. செலவு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. இருவருக்கு ஒரு கம்பி உள்ள வண்டிகளில் பெரியவரையும் குழந்தையையும் சேர்த்து அமர்த்துவதை அறவே நிறுத்த வேண்டும். 'துணைக்கு டீச்சர் இருக்கிறார்' என்பது ஊர்வழி நடக்கும்போது சரி. அந்த வண்டியில் டீச்சர்தான் ஆபத்து.

பூங்காக்கள் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தலைமைச் சகோதரியிடம் இதையெல்லாம் சொன்னேன். சகோதரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் குழந்தையை முதலில் கூப்பிட்டுப் பேசினீர்களா?" என்றுதான் கேட்டார்கள். பேசினேன். இந்த ஆண்டு அனுமதிக் கடிதத்தில் மாணவியின் உயரத்தையும் குறித்து அனுப்பும்படி பெற்றோரைக் கேட்க இருக்கிறோம். பல பூங்காக்களில் 120 அல்லது 140 சென்டிமீட்டர் என்று கோடு போட்டிருப்பார்கள். அங்கே போய் எட்டி நின்று ஏமாற்றுவதற்கு இடம் இராது. எடையைக் கேட்கப் போவதில்லை. அதைக் கேட்டு எழுதி வகுப்பில் வாசித்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஒத்த உடல்வாகு உள்ளவர்களை இணை சேர்த்து அமர்த்துவது வகுப்பாசிரியையின் பொறுப்பு. கம்பி இறங்கிய பிறகு அவரவர் இடுப்பருகே இரண்டு விரல் நுழைத்துப் பார்க்க வேண்டும். கை முழுதும் நுழைந்தால் கையை உயர்த்த வேண்டும். அப்படி உயர்த்தியவளைப் பார்த்து யாராவது சிரித்தால், சிரித்தவள்தான் இறங்க வேண்டும். இந்த விதியைச் சகோதரியே சேர்த்தார்கள்.

அந்தப் பெண் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பதாகச் சென்ற வாரம் மருத்துவப் பரிசோதனையன்று என்னிடம் ஓடிவந்து சொன்னாள். "இந்த வருசம் உங்க பக்கத்துல உக்கார மாட்டேனுங்க டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றும் சொன்னாள். நான் கீழே நின்று பைகளையும் துப்பட்டாக்களையும் பார்த்துக்கொள்வதாக அவளிடம் வாக்களித்திருக்கிறேன்.